ரிப்பன் வைத்த நோட்டு

"நாளைக்கு நீங்க அங்க போகாதீங்கக்கா" என்று தம்பி மனைவி மாடிப்படியில் நின்றபடி சொன்ன இடத்தில் போன வாரம் விட்டிருந்தோம். ஏன் என்று அவள் சொல்வதற்குள் அவள் புருஷன் பின்னாலேயே இறங்கி வந்துவிட்டான். உடனே அவள், மழை வரும் போலிருக்கிறது, அதனால்தான் சொன்னேன் என்று பேச்சைத் திருப்பிவிட்டாள். வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை.

அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டிருந்தால் இந்த வாரம் நமக்குச் சொல்ல எதுவும் இருந்திருக்காது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. துறைமுகத்துச் சுங்க அலுவலகத்தில் அவள் கிளியரிங் ஏஜெண்ட். கப்பலில் வந்து இறங்கும் சரக்கு இன்னதென்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதற்குரிய தீர்வையைக் கட்டவைத்து, வெளியே எடுத்துக் கொடுப்பது அவள் தொழில். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். பொம்மையின் வயிற்றில் கடிகாரம் இருந்தால் அது பொம்மையா கடிகாரமா என்று நாள்கணக்கில் மல்லுக்கட்டும் இடம் அது. பொம்மை என்றால் ஒரு தீர்வை, கடிகாரம் என்றால் இன்னொன்று. இந்த மல்லுக்கட்டில் அக்காவுக்கு அப்படியொரு ருசி. மற்ற பெண்கள் நகைக்கடையில் நிற்பதுபோல் அவள் சுங்கப் பட்டியலின் முன்னால் நிற்பாள்.

அவள் கையெழுத்துக்கு அங்கே ஒரு மரியாதை உண்டு. அக்கா எழுதியிருந்தால் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லும் அதிகாரிகள் இருந்தார்கள். அதே சமயம், பொய்யான விவரத்துக்குக் கையெழுத்துப் போட்ட ஏஜெண்டின் லைசென்ஸ் என்ன ஆகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். போனால் போனதுதான். அக்காவுக்கு வேறு பிழைப்பும் தெரியாது, வேறு பிழைப்பில் ஆசையும் கிடையாது.

இப்போது துறைமுகத்தில் மாட்டிக்கொண்டு நிற்பது தம்பியின் கண்டெய்னர். உள்ளே இருப்பது நோட்டுப் புத்தகங்கள். பள்ளிக்கூட நோட்டு என்றால் தீர்வை பேருக்குத்தான். டைரி என்றால் கழுத்தைப் பிடிக்கும். பள்ளிக்கூட நோட்டு என்று அக்கா எழுதியிருந்தாள். அதிகாரி சந்தேகப்பட்டார். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் இன்றைய விசாரணை.

தம்பி இதற்கு முன்னால் கை வைத்த தொழிலெல்லாம் கையைச் சுட்டது. போன வருஷம் இதே மாதிரி ஒரு கண்டெய்னர் நோட்டு கொண்டுவந்தான். வந்த வேகத்தில் விற்றுப்போயிற்று. முதன்முறையாக அவன் நிமிர்ந்து நடந்ததை அக்கா பார்த்தாள். அதனால் இந்தக் கண்டெய்னரை விட்டுக்கொடுக்கிற எண்ணம் அவளுக்கு இல்லை.

காலையில் சாப்பாட்டு மேசையில் மாதிரி நோட்டை வைத்துக்கொண்டு தன் வாதத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். தம்பி எதிரே உட்கார்ந்து தட்டில் இருந்ததையெல்லாம் காலி செய்துகொண்டிருந்தான். மாடி அவன் வீடு, கீழே அவள் வீடு என்று பாகம் பிரித்து வெகு காலமாகிறது. பசிக்கு மட்டும் பாகப்பிரிவினை கிடையாது.

தம்பி மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். அச்சகங்களுக்கு அட்டைப்படம் வரைந்து கொடுப்பவள் அவள். இந்த நோட்டின் அட்டை, உள்பக்கத்துக் கோடு, எல்லாம் அவள் கைவேலைதான். ஒவ்வொரு பக்கத்திலும் வலப்பக்க மேல்மூலையில் கட்டைவிரல் நகம் அகலத்துக்கு ஒரு கட்டம் போட்டிருந்தாள். உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் கட்டம்.

"இந்தக் கட்டம் ஒண்ணு போதும் எனக்கு. தேதி எழுதற இடம்னு சொன்னா யாரும் மறுத்துப் பேச முடியாது. நல்லாப் போட்டிருக்க" என்றாள் அக்கா.

தம்பி மனைவியின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. புகழ்ந்தால் கூச்சப்படுகிறவள் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். தம்பி தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

விசாரணை அறையில் இருந்த அதிகாரிக்கு ஏஜெண்டுகள் வைத்திருந்த பட்டப்பெயர் முற்றுப்புள்ளி. எந்தக் கோப்பைக் கையில் எடுத்தாலும் முழுக்கப் படித்துவிட்டு, 'முற்றுப்புள்ளி வெச்சிடலாமா?' என்று கேட்பார். நல்ல மனிதர். அக்காவைவிட இளையவர். சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் மட்டும் அவரைச் சமாளிப்பது பெரும்பாடு.

நோட்டைக் கையில் எடுத்து, துணிக்கடையில் துணி பார்ப்பதுபோல் அட்டையைத் தடவினார். தோல் மாதிரி இருக்கும் அட்டை. வழவழப்பான தாள். நடுவிலிருந்து தொங்கும் சிவப்பு ரிப்பன்.

"அக்கா, எனக்குப் பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க ரெண்டு இருக்கு. ரிப்பன் வெச்ச நோட்டு இதுவரைக்கும் நான் வாங்கிக் கொடுத்ததில்ல."

"அது உங்க கஞ்சத்தனம் சார். வகைப்பாடு இல்ல."

அவர் சிரித்துவிட்டார். பக்கத்து மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணும் சிரித்தாள். சுவரோரம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த தம்பி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

அதற்கப்புறம் அக்காவின் ராஜ்ஜியம்தான். ரிப்பன் பக்கத்தைக் காட்டுமே தவிர நாளைக் காட்டாது என்றாள். அட்டையின் மினுக்கைப் பார்த்துப் பெயர் வைக்க ஆரம்பித்தால் நாளைக்குக் கோட்டுப் போட்டவனையெல்லாம் வக்கீல் என்று சொல்ல வேண்டிவரும் என்றாள். இதேபோல் கெட்டி அட்டை போட்ட நோட்டுகள் பள்ளிக்கூட வகையில் போனதற்குப் பழைய உத்தரவுகளை எடுத்து வைத்தாள். பிறகு நோட்டை அவர் முன்னால் விரித்து, தன் கடைசிக் கேள்வியைக் கேட்டாள்.

"டைரின்னா நாள் இருக்கணும் சார். இதுல தேதி இல்ல, கிழமை இல்ல, மாசம் இல்ல, வருஷமும் இல்ல. நாளே இல்லாத டைரியை எங்க பார்த்திருக்கீங்க?"

அவர் மூலையிலிருந்த கட்டத்தின் மேல் விரலை வைத்தார். இது எதற்கு என்று கேட்டார். பிள்ளைகள் தேதி எழுதும் இடம், எல்லாப் பள்ளிக்கூட நோட்டிலும் இருப்பதுதான் என்றாள். அந்தப் பதிலைச் சொல்லும்போது அவளுக்குள் ஒரு திருப்தி பரவியது. சொன்னது உண்மை என்று அவள் மனதார நம்பினாள்.

முற்றுப்புள்ளி நாற்காலியில் சாய்ந்தார். அவருக்கும் இனிமேல் கேட்க ஒன்றும் இல்லை. கண்டெய்னரில் இருப்பதும் கையில் இருக்கும் மாதிரியும் ஒன்றுதானா என்று நேரில் பார்த்துவிட்டால், மத்தியானம் உத்தரவு எழுதிவிடலாம் என்றார்.

தம்பியை மேலேயே உட்காரச் சொல்லிவிட்டு இருவரும் சரக்குக் கிடங்குக்குப் போனார்கள்.

தகரக் கூரைக்குக் கீழே வெயில் இரண்டு மடங்காக இறங்கிக்கொண்டிருந்தது. சுமை தூக்குகிறவர் கண்டெய்னரின் கதவைத் திறந்து மேலடுக்கிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். நோட்டு. மாதிரியேதான். முற்றுப்புள்ளி குனிந்து ரிப்பனை இழுத்துப் பார்த்து, பக்கங்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடியிலிருந்தும் ஒன்று எடுங்கள் என்றார். சுமை தூக்குகிறவர் கதவோரமாக அடியில் இருந்த வேறு பெட்டியை இழுக்க, அது பழைய அட்டைப் பெட்டி, வாய் பிளந்துகொண்டது.

உள்ளிருந்து சரிந்தவை ஸ்டிக்கர் தாள்கள்.

அதில் அக்காவுக்கு ஆச்சரியம் இல்லை. அவளே எழுதிக் கொடுத்த விவரத்தில் இரண்டாவது வரி அது: அலங்காரக் காகித ஸ்டிக்கர். நட்சத்திரமும் பூவுமாக இருந்த ஒரு தாளைத் தம்பி அவளுக்குக் காட்டியிருந்தான். பிள்ளைகள் நோட்டில் ஒட்டிக்கொள்ளட்டும் என்று கூடவே வாங்கினேன் என்று சொல்லியிருந்தான்.

சரிந்த தாள்களைப் பெட்டிக்குள் திருப்பி வைக்கக் குனிந்தாள். அவற்றில் நட்சத்திரமும் இல்லை, பூவும் இல்லை. தாளுக்கு ஒரு மாதம் என்று சின்னச் சின்னச் சதுரங்கள். ஒவ்வொன்றிலும் தேதி, அதன் கீழ் கிழமை, பொடி எழுத்தில் வரப்போகிற வருஷம். எண்களின் வளைவை அவளுக்குத் தெரியும். வீட்டு வாசல் பெயர்ப்பலகையில் தம்பி மனைவி எழுதிய அதே வளைவு.

சதுரத்தின் அளவைப் பார்க்க அவளுக்கு அளவுகோல் தேவைப்படவில்லை. கட்டைவிரல் நகத்தை மேலே வைத்துப் பார்த்தாள்.

"ஸ்டிக்கர்தானே? அது தனி வரி. அதுல எனக்கு ஒண்ணும் சந்தேகம் இல்ல. மூடச் சொல்லுங்கக்கா" என்றார் முற்றுப்புள்ளி, ரிப்பனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாதிரிக்கு ஒரு தாள் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். தாராளமாக என்று கையை ஆட்டினார். அவர் சந்தேகமெல்லாம் அட்டையின் மேலேயே இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்பது அக்காவுக்குப் புரிந்தது. எதில் ஜெயித்தோம் என்பதும் புரிந்தது.

கிடங்கின் வாசலில் எடைமேடைக்குப் பக்கத்தில் நின்று தம்பி மனைவிக்குப் போன் போட்டாள். சுற்றிவளைக்காமல், அந்தக் கட்டம் எதுக்கு என்று மட்டும் கேட்டாள்.

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ஸ்டிக்கருக்குக்கா."

கடைக்கு வந்ததும் ஆள் வைத்து ஒட்டி, டைரியாக விற்பதாக ஏற்பாடு. ஒட்டினால் அச்சடித்தது போலவே இருக்க வேண்டும் என்று அவன் கேட்டானாம். மில்லிமீட்டர் பிசகாமல் இவள் வரைந்து கொடுத்தாளாம். எதற்காக இப்படித் தனித்தனியாக என்று அப்போது அவளுக்குத் தெரியாது. நேற்று அவன் யாரிடமோ போனில் சிரித்துப் பேசியபோதுதான் தெரிந்ததாம்.

"நேத்தே ஏன் சொல்லல?"

"அவர் சொல்லக்கூடாதுன்னார். நீங்க கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன். காலைல கட்டத்தைப் பத்திப் பேசுனீங்க, இப்ப கேப்பீங்கன்னு நின்னேன். நீங்க நல்லா இருக்குன்னு சொல்லிட்டீங்க."

அக்காவுக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. ஊர் உலகத்துச் சரக்கையெல்லாம் புரட்டிப் பார்த்து இது என்ன, இது எதற்கு என்று கேட்கிறவள், தன் சாப்பாட்டு மேசையில் இருந்த நோட்டைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தம்பி கொண்டுவந்தது என்பதால் பதிலையும் தானே சொல்லிக்கொண்டுவிட்டாள்.

தம்பி அலுவலக மாடிப்படித் திருப்பத்தில் காத்திருந்தான். என்ன சொன்னார், முடிந்துவிட்டதா என்று ஆவலாகக் கேட்டான். அவள் ஸ்டிக்கர் தாளை விரித்துக் காட்டினாள். அவன் முகத்தில் இருந்த ஆவல் வடிந்தது. ஆனால் அவன் பயந்ததாகத் தெரியவில்லை. பிடிபட்ட பிள்ளைகூட முதலில் கொஞ்சம் முழிக்கும். இவனுக்கு அதுவும் இல்லை. ஏனென்றால் தான் செய்தது தப்பு என்று அவன் நினைக்கவே இல்லை.

"நீதானேக்கா சொன்ன. ஒரு பொருள் வந்து இறங்கற அன்னைக்கு என்னவா இருக்கோ அதான் அது, அப்புறம் அதை என்ன செஞ்சாலும் சுங்கத்துக்குக் கவலை இல்லைன்னு. வந்து இறங்கற அன்னைக்கு இது நோட்டு. அது ஸ்டிக்கர்."

சொன்னது உண்மைதான். இரவுச் சாப்பாட்டின்போது தொழில் பேச்சுப் பேசுவது அவள் வழக்கம். அன்றைக்கு யார் என்ன கொண்டுவந்து எப்படி மாட்டிக்கொண்டார்கள் என்று கதை கதையாகச் சொல்வாள். தம்பி கேட்டுக்கொண்டே சாப்பிடுவான்.

"அதே பேச்சுல இன்னொண்ணும் சொன்னேன். சைக்கிளைக் கழட்டி, சக்கரம் ஒரு பெட்டி, சட்டம் ஒரு பெட்டின்னு கொண்டு வந்தாலும், ஒண்ணா வந்து இறங்கினா சைக்கிள்தான்னு."

தம்பி யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.

"அது எப்ப சொன்ன? நான் கை கழுவப் போயிருப்பேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த இடத்திலேயே நின்றும்விட்டது. சாப்பாட்டு மேசைக்கும் குழாயடிக்கும் நடுவே அந்த விதியின் பின்பாதி விழுந்து காணாமல் போயிருக்கிறது. அதற்குத் தீர்வை அவள் கட்ட வேண்டும். ஸ்டிக்கர் இன்னொரு கண்டெய்னரில், வேறொரு மாதம் வந்திருந்தால் அவன் சொல்வது சரி. நோட்டு நோட்டுதான், யாரும் கேட்டிருக்க முடியாது. இதில் இடம் மிச்சம் இருந்ததே, தனியாக ஏன் என்று கூடவே போட்டுவிட்டேன் என்றான். இடத்தை வீணாக்க அவனுக்கு மனம் வராது. சின்ன வயதில் பள்ளிக்கூடப் பைக்குள் செருப்பையும் சேர்த்து வைக்கிறவன்.

அதிகாரிக்குத் தெரியாது அல்லவா என்று கேட்டான். தெரியாது என்றாள்.

"அப்ப இன்னைக்கு ஒரு நாள் பேசாம இருக்கா. அவரே எழுதிக் கொடுக்கறேன்னு சொல்றார். நீயா பொய் சொல்லப் போற? சும்மா இருந்தாப் போதும்."

"பிள்ளைங்க தேதி எழுதற இடம்னு சொல்லிட்டு வந்திருக்கேன்டா. அது பொய் ஆயிடுச்சு."

"உனக்குத் தெரியாமத்தானே சொன்ன?"

"இப்பத் தெரியுமே."

அவன் கெஞ்சினான். இந்தக் கண்டெய்னர் போனால் தன் கதை முடிந்தது, கடையைச் சாத்திவிட்டுப் பழையபடி யாரிடமாவது கைகட்டி நிற்க வேண்டியதுதான் என்றான். அது மிகையில்லை என்று அவளுக்கும் தெரியும். கொஞ்ச நேரம் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் பக்கம் சாய்ந்துவிடலாமா என்று நினைத்தாள். உண்மையை மறைப்பானேன், நினைக்கத்தான் செய்தாள்.

அவளைப் பெரிய நேர்மைக்காரி என்று யாராவது சொன்னால் அவளே சிரிப்பாள். தெரிந்தவர்களுக்காக வரிசையைத் தாண்டிப் போயிருக்கிறாள், அதிகாரி நல்ல மனநிலையில் இருக்கும் நாள் பார்த்துக் கோப்பை நகர்த்தியிருக்கிறாள். ஆனால் ஒரு பொருளுக்குத் தப்பான பெயரைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் அவளால் தூங்க முடியாது. அது குணமா வியாதியா என்பது அவளுக்கே தெரியவில்லை. அதோடு, சொன்ன வாயாலேயே சொல்லிவிட்டால் லைசென்ஸ் பிழைக்கும். நாளைக்கு வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் பிழைக்காது. இரண்டு கணக்கும் ஒரே பக்கம் சாய்ந்தன.

நீ இங்கேயே இரு என்று அவனிடம் சொல்லிவிட்டு நடந்தாள். அவன் கேட்கவில்லை; பின்னாலேயே வந்தான்.

முற்றுப்புள்ளி உத்தரவை எழுதத் தயாராக இருந்தார். தட்டச்சு செய்யும் பெண் சாப்பிடப் போயிருந்தாள். மேசை மேல் நோட்டு விரித்தபடியே கிடந்தது.

"வாங்கக்கா. முற்றுப்புள்ளி வெச்சிடலாமா?"

அக்கா ஸ்டிக்கர் தாளிலிருந்து ஒரு சதுரத்தை உரித்தாள். குனிந்து, விரித்திருந்த பக்கத்தின் மூலைக் கட்டத்துக்குள் அதை வைத்து விரலால் அழுத்தினாள். ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தம்பி மனைவியின் கை அப்பேர்ப்பட்டது. இதுவரை நாளே இல்லாதிருந்த நோட்டில் வரப்போகிற வருஷத்தின் முதல் நாள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தேகம் சரியாகப் போயிற்று என்று சந்தோஷப்படுவார் என அவள் எதிர்பார்த்தாள். அவர் முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

கிடங்கில் பெட்டி பிளந்தபோதுதான் பார்த்தேன், காலையில் நான் சொன்னது தெரியாமல் சொன்னது, இது டைரிதான், விவரத்தைத் திருத்தி எழுதிக் கொடுக்கிறேன் என்று நான்கு வாக்கியத்தில் முடித்தாள். சுவரோரத்தில் தம்பி நாற்காலியில் உட்காரும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"நல்ல வேளை, நீங்களே சொன்னீங்கக்கா. வேற யாரா இருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டாங்க" என்றார் அவர். குரலில் இருந்தது நன்றியேதான். விவரத்தை மறைத்தது சரக்குக்காரர், ஏஜெண்டுக்குத் தெரியாது, தெரிந்ததும் தானாகவே முன்வந்து சொன்னார் என்று எழுதிவிடலாம் என்றார். சரக்குக்காரர் தீர்வையும் அபராதமும் கட்டி எடுத்துக்கொள்ளட்டும். அக்காவின் லைசென்ஸுக்கு ஒரு குறையும் வராது.

அக்காவுக்கு மூச்சு சீராயிற்று. காலைக் காபிக்குப் பிறகு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

அவர் கம்ப்யூட்டரில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். தேடியது கிடைத்ததும் திரையைக் கொஞ்சம் அருகே இழுத்துக்கொண்டார்.

"போன வருஷமும் இவருக்கு ஒரு கண்டெய்னர் வந்திருக்கே. அதே நோட்டு, அதே ஸ்டிக்கர். கையெழுத்துப் போட்டது நீங்கதான்."

அக்காவின் கை நாற்காலியின் ஓரத்தைப் பிடித்தது. போன வருஷத்து ஸ்டிக்கரை அவள் பார்க்கவில்லை. அப்போதும் ஒரு தாளைத்தான் காட்டினான், அப்போதும் நட்சத்திரம்தான். வந்த வேகத்தில் விற்றுப்போனது என்று அவள் பெருமைப்பட்டாளே, விற்றது எது என்று இப்போதுதான் உறைத்தது. திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவளுக்கு வேறு பதில் தேவைப்படவில்லை.

"அதுலயும் தேதிதானா?" என்று அதிகாரி கேட்டார்.

யாரைப் பார்த்துக் கேட்டார் என்பது தெளிவாக இல்லை. அக்கா வாய் திறப்பதற்குள் தம்பி எழுந்துவிட்டான். காலையிலிருந்து அவள் பட்ட பாட்டைப் பார்த்து அவனுக்குள் என்ன புரண்டதோ, அவளைக் காப்பாற்றியே தீருவது என்ற வேகம் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவன் அவளுக்காக எழுந்து நின்றது இதுதான் முதல் தடவை.

"அக்காவுக்கு எதுவும் தெரியாது சார். எல்லாம் என் வேலை. போன வருஷமும் நான்தான். அவளுக்கு ஒண்ணுமே தெரியாது."

அதிகாரி நிமிர்ந்தார். அந்த அலுவலகத்தில் வாசல் காவலாளியிலிருந்து மேலதிகாரிவரை எல்லோருக்கும் அவள் அக்காதான். இவன் வாயிலிருந்து வந்த அக்காவையும் அவர் அந்தக் கணக்கில்தான் இதுவரை சேர்த்து வைத்திருந்தார். இப்போது அவர் காதில் விழுந்து உறுத்தியது அக்கா இல்லை. அவளுக்கு என்றானே, அது.

"உங்க ஏஜெண்டுக்குத் தெரியாதுன்னு நீங்க எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"எனக்குத் தெரியாதா சார்? என் கூடப் பிறந்தவ."

சொல்லிவிட்டு, இதைவிடப் பெரிய சான்று என்ன வேண்டும் என்பதுபோல் நின்றான். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் அதை மறைத்ததில்லை. யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை, அவ்வளவுதான். இனிமேல் அப்படிச் சொன்னால் எடுபடுமா என்று நினைத்துப் பார்த்தாள். அடுத்தவர் கோப்பில் இதைப் படித்திருந்தால் அவளே நம்பியிருக்க மாட்டாள்.

"ஒரே வீடா?" என்று கேட்டார் அவர், மெதுவாக.

"மாடியில நாங்க, கீழ அவ. சாப்பாடு மட்டும் ஒண்ணாத்தான் சார்" என்றான் தம்பி, இன்னும் உதவி செய்துகொண்டிருப்பதாக நினைத்து. "இந்தத் தொழில்ல எனக்குத் தெரிஞ்ச அத்தனையும் அவ சொல்லிக் கொடுத்ததுதான்."

போதும்டா என்று சொல்ல நினைத்தாள். அவன் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. பாசத்தில்தான் சொன்னான். ஒரு வார்த்தைகூடப் பொய்யும் இல்லை.

அதிகாரி தன் முன்னால் இருந்த, பாதி எழுதிய தாளை எடுத்து ஓரமாக வைத்தார். புதிதாக ஒரு தாளை எடுத்துக்கொண்டார். நோட்டை மூடி, ரிப்பனை உள்ளே மடித்து, மேசையின் அவர் பக்கத்துக்கு நகர்த்திக்கொண்டார். பிறகு அவளைப் பார்க்காமல் தாளைப் பார்த்துப் பேசினார்.

"இதை நான் என்னன்னு எழுதட்டும், மேடம்?"

அந்தக் கட்டடத்தில் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.